டோக்கியோவில் ஏழு நாள்: வாசகர் கேள்வியும் பதிலும்

ஜப்பான் பயணம் குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி டோக்கியோவைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் அவற்றை ஒன்றாக்கி, பெயர்களை நீக்கி, இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், நான் ஆகிய மூவரும் மார்ச் கடைசியில் ஏழு நாள் டோக்கியோவில் தங்கப் போகிறோம். பார்க்க வேண்டியவை என்று ஆளுக்கு ஆள் எழுதிச் சேர்த்ததில் பட்டியல் 41 இடங்களுக்கு நீண்டுவிட்டது. இதை ஏழு நாளுக்குள் எப்படி அடக்குவது?

பதில்: அடக்க வேண்டாம், பாதியை அடித்துவிடுங்கள். எந்தப் பாதி என்பதைப் பட்டியல் சொல்லாது, வரைபடம் சொல்லும். டோக்கியோ ஒரே மையத்தைச் சுற்றிப் பரவிய நகரம் அன்று. யாமனோத்தே என்னும் வட்ட ரயில் தடத்தை ஒட்டி வளர்ந்த பல ஊர்களின் தொகுப்பு. அந்தத் தடத்தில் 30 நிலையங்கள் உள்ளன. ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தாளில் வட்டம் ஒன்று வரைந்து, வடகிழக்கில் உவெனோ, கிழக்கில் டோக்கியோ ஸ்டேஷன், தென்மேற்கில் ஷிபுயா, மேற்கில் ஷின்ஜுகு என்று குறித்துக்கொண்டு, உங்கள் 41 இடங்களையும் அவை இருக்கும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான்கைந்து கொத்துகளாக அவை தாமே பிரிந்துவிடும். எந்தக் கொத்திலும் ஒட்டாமல் தனியே நிற்கும் இடத்தை, அதற்காகப் பிடிவாதம் பிடிப்பவர் வீட்டில் ஒருவரும் இல்லையென்றால், தயங்காமல் நீக்கலாம்.

நாளுக்கு ஒரு கொத்து, அதற்குள் நேரம் குறித்துச் செல்ல வேண்டியவை அதிகம் போனால் இரண்டு என்பதுதான் நான் பின்பற்றும் கணக்கு. கிழக்குப் பக்கத்தில் அசாகுசா பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சென்சோஜி கோயிலின் தலவரலாறு, 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் வலை வீசிய இரு சகோதரர்களுக்குக் கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவரின் சிலை அகப்பட்டதில் தொடங்குகிறது. பத்து மணிக்கு மேல் போனால் கூட்டத்தின் முதுகைத்தான் தரிசிக்க முடியும். கோயிலின் முதன்மை மண்டபம் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை மட்டும் 6.30 மணி. ஏழு மணிக்குப் போய் நின்றால், கமினாரிமோன் வாயிலில் தொங்கும் 700 கிலோ எடையுள்ள சிவப்பு விளக்கின் அடியில் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள். அப்போது தலையை நிமிர்த்தி விளக்கின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே செதுக்கியிருக்கும் நாகத்தைக் கூட்ட நேரத்தில் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. 1960ஆம் ஆண்டில் அந்த விளக்கைக் காணிக்கையாகத் தந்தவர் பானசோனிக் நிறுவனத்தைத் தொடங்கிய மட்சுஷிதா கோனோசுகே.

கோயிலுக்குச் செல்லும் நகாமிசே கடைவீதி அந்நேரத்தில் மூடித்தான் இருக்கும், அதனால் குறையொன்றும் இல்லை. கடைகள் திறக்கும் வேளையில் கால்மணி நேரம் நடந்து கப்பாபாஷி தெருவுக்குப் போய்விடுங்கள். ஏறக்குறைய 800 மீட்டர் நீளமுள்ள அந்தத் தெரு முழுவதும் உணவகங்களுக்கான பாத்திரம், கத்தி, கிண்ணம், விளம்பரத் துணி விற்கும் கடைகள். உணவகக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் போலி உணவுகளும் இங்கேதான் விற்பனைக்கு இருக்கின்றன. முட்கரண்டியால் சுருட்டித் தூக்கிய நிலையில் அந்தரத்தில் நிற்கும் நூடுல்ஸ், நுரை வழியாமல் நிற்கும் பீர், ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியே மினுங்கும் சோறு என்று எல்லாமே பிளாஸ்டிக். என் அனுபவத்தில் அரைமணி நேரம் என்று நுழைந்தவர் எவரும் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் வெளியே வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏழு நாளை நான் இப்படிப் பிரிப்பேன். வந்திறங்கும் நாளில் தங்குமிடத்தைச் சுற்றி நடப்பதைத் தவிர வேறெதுவும் கூடாது. இரண்டாம் நாள் அசாகுசாவும் கப்பாபாஷியும். மூன்றாம் நாள் உவெனோவின் அருங்காட்சியகங்கள். நான்காம் நாள் மேற்கே மெய்ஜி ஆலயம், ஹராஜுகு, ஷிபுயா. ஐந்தாம் நாள் நகருக்கு வெளியே காமாகுரா. ஆறாம் நாள் சுகிஜி, கின்ஸா, அரண்மனைத் தோட்டம். ஏழாம் நாளை வெறுமையாக விடுங்கள். மழை எந்த நாளைக் கெடுத்ததோ அந்த நாளை அங்கே நகர்த்தலாம். நீங்கள் போவது செர்ரி மலரும் பருவம் என்பதால் தங்கும் அறைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் வாடகையும், உவெனோ பூங்காவில் கால் வைக்க இடமில்லாத கூட்டமும் இருக்கும். பூக்களை விடியற்காலையில் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: எதற்கெல்லாம் முன்பதிவு தேவை? எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே பதிவு செய்துகொண்டு கிளம்ப வேண்டுமா?

பதில்: சிலவற்றுக்கு மட்டும். ஆனால் அந்தச் சிலவற்றில் கைதவறினால் வாசலில் நின்று மன்றாடியும் பயனில்லை. மித்தாகாவில் உள்ள, கிப்லி என்னும் அனிமேஷன் பட நிறுவனத்தின் அருங்காட்சியக வாசலில் நுழைவுச்சீட்டு விற்பதே இல்லை. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி, ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்கு, அடுத்த மாதம் முழுவதற்குமான சீட்டுகளை விற்பனைக்குத் திறக்கிறார்கள். ஷிபுயாவின் திறந்த மொட்டைமாடிக் காட்சித்தளத்தில் சூரியன் மறையும் நேரத்துக்கான சீட்டுகளும் விரைவில் தீர்ந்துபோகும். தொயோசு சந்தையில் சூரை மீன் ஏலத்தைக் கிட்டத்திலிருந்து பார்க்க விரும்புவோர் குலுக்கலில் பெயர் கொடுத்து இடம் பெற வேண்டும். பழைய சுகிஜி மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் தொயோசுவுக்கு மாறிவிட்டது. சுகிஜியில் இப்போது எஞ்சியிருப்பது வெளிச்சந்தையின் சில்லறைக் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும்தான். இதை அறியாமல் விடியற்காலை 4 மணிக்குச் சுகிஜியில் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

முன்பதிவைவிடப் பெரிய தொல்லை விடுமுறை நாள். உவெனோவின் தேசிய அருங்காட்சியகமும் நகரின் பெரும்பாலான பொது அருங்காட்சியகங்களும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். திங்களன்று அரசு விடுமுறை வந்தால் அன்று திறந்துவைத்து மறுநாள் மூடுவார்கள். அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்குத் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாளும் விடுமுறை. சுகிஜி கடைகளில் பல ஞாயிறும் புதனும் திறப்பதில்லை. கொட்டும் மழையில் குடையும் கையுமாக, பூட்டிய அருங்காட்சியகக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஒரு திங்கட்கிழமை காலையில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் இடங்களின் பெயருக்கு முன்னால் அவற்றின் விடுமுறை நாளை எழுதுகிறேன். மெய்ஜி ஆலயத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆண்டு முழுவதும் சூரிய உதயத்தில் திறந்து மறைவில் மூடுகிறார்கள். ஆகவே திங்கட்கிழமையை மேற்குப் பக்கத்துக்கு ஒதுக்குவது சரியாக இருக்கும்.

கேள்வி: டோக்கியோ கோபுரம், ஸ்கைட்ரீ, ஷிபுயா மாடி ஆகிய மூன்றில் எதன் மேல் ஏறுவது?

பதில்: பணம் கொடுத்து ஏறுவதென்றால் ஒன்று போதும். 634 மீட்டர் உயரமான ஸ்கைட்ரீயின் 350, 450 மீட்டர் தளங்களிலிருந்து பார்த்தால் நகரம் வரைபடம்போலத் தட்டையாகிவிடுகிறது. 1958இல் எழுந்த 333 மீட்டர் டோக்கியோ கோபுரம், ஏறிப் பார்ப்பதைவிடக் கீழே ஸோஜோஜி கோயில் முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்க்கவே அழகு. என் ஓட்டு ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசுக் கட்டடத்துக்கு. 45ஆம் மாடியில் 202 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் காட்சித்தளத்துக்குக் கட்டணமே இல்லை. குளிர்காலத்துத் தெளிந்த காலையில் அங்கிருந்து ஃபூஜி மலையும் தெரியும்.

கேள்வி: ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில் பாஸ் வாங்கினால் லாபமா? சுரங்க ரயில், ஜேஆர், தனியார் ரயில் என்று படித்ததில் தலை சுற்றுகிறது.

பதில்: டோக்கியோவிலேயே தங்குபவருக்கு நாடு தழுவிய பாஸ் நட்டம். அதன் ஏழு நாள் விலை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது; நகருக்குள் சுற்றி அந்தத் தொகையை மீட்க ஒருவராலும் முடியாது. உங்களுக்குத் தேவையானது சுயிகா அல்லது பாஸ்மோ எனப்படும் பணம் நிரப்பும் அட்டை. வாயிலில் தொட்டு உள்ளே போய், இறங்கும் இடத்தில் தொட்டு வெளியே வந்தால், எந்த நிறுவனத்தின் ரயிலாக இருந்தாலும் கட்டணத்தை அட்டையே கணக்கிட்டுக்கொள்ளும். அதே அட்டையால் பேருந்திலும், பானம் விற்கும் இயந்திரத்திலும், கோன்பினி என்று அங்கே அழைக்கப்படும் 24 மணி நேரக் கடையிலும் பணம் செலுத்தலாம். ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையை மாற்றி மாற்றித் தொட்டு மூவர் போக முடியாது.

சுரங்க ரயிலை டோக்கியோ மெட்ரோ, தோயெய் என்று இரு அமைப்புகள் நடத்துகின்றன. முன்னதற்கு 9 தடங்கள், பின்னதற்கு 4. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் கட்டணம் தனியே ஏறும். இரண்டுக்கும் சேர்த்து 24, 48, 72 மணி நேரச் சீட்டுகள் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கிடைக்கின்றன. இவற்றின் சிறப்பு, கணக்கு நாளைப் பார்த்து அன்றி மணியைப் பார்த்து ஓடுவது. இன்று பிற்பகல் 3 மணிக்கு முதல்முறை நுழைத்த 24 மணிச் சீட்டு நாளை பிற்பகல் 3 மணி வரை செல்லும். யாமனோத்தே ஜேஆருக்கு உரியது என்பதால் அந்தச் சீட்டு அங்கே செல்லாது. கிழக்குப் பக்கத்து நாட்களில் சுரங்கச் சீட்டும், மேற்குப் பக்கத்து நாட்களில் அட்டையும் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனால் இந்தக் கணக்கில் மிச்சமாவது சில நூறு யென்தான். அதற்காக ஒரு மாலையைச் செலவிட்டு அட்டவணை போடுவது வீண்.

காலை 7.30 முதல் 9.30 வரை ரயில்களில் நெரிசல் கடுமையாக இருக்கும். பெட்டிகளோடு அந்நேரத்தில் ஏறாதீர்கள். நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். அதன் பிறகு டாக்ஸிதான் வழி. இரவு 10 மணிக்கு மேல் டாக்ஸிக் கட்டணமும் கூடுதல்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவர்கள். ஒரு வாரம் பட்டினி கிடக்காமல் திரும்ப முடியுமா? ஜப்பானில் டோஃபு, காய்கறி எல்லாம் ஏராளம் என்கிறார்களே?

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் டோஃபுவை நம்பி ஏமாறக்கூடும். சிக்கல் தட்டில் தெரியும் பொருளில் இல்லை, தெரியாத சாற்றில் இருக்கிறது. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி எனப்படும் வடிசாறு. கொம்பு என்னும் கடற்பாசியை ஊறவைத்தும், கட்சுவோபுஷி என்னும் உலர்த்திப் புகையூட்டிச் சீவிய மீனைக் கொதிநீரில் இட்டு வடித்தும் அதைச் செய்கிறார்கள். மிசோ சூப், சோபா, உதோன் நூடுல்ஸின் குழம்பு, வேகவைத்த காய், மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, இனாரி சூஷியின் பொரித்த டோஃபு உறை என எல்லாவற்றிலும் இந்த மீன்சாறு கலந்திருப்பதே வழக்கம். சமைப்பவருக்கு அது உப்பைப்போல. மீன் சேர்த்தோம் என்ற எண்ணமே அவருக்கு எழாது. ஆகவே அவர் பொய் சொல்லாமலேயே உங்கள் நோன்பு முறிந்துவிடும். ராமென் நூடுல்ஸின் குழம்பு பெரும்பாலும் பன்றி அல்லது கோழி எலும்பிலிருந்து வருவது. ஜப்பானியக் கறிக் குழம்புக்கான கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு சேர்வதும் உண்டு.

"நிகு" என்ற சொல் இறைச்சியைக் குறிப்பது. "நிகு வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். "நிகு தொ சகானா வ தபெமாசென்" என்றால் இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று பொருள். அதோடு "கட்சுவோ தாஷி மோ தமே தெஸ்", அதாவது மீன்சாறும் ஆகாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயால் சொல்வதைவிட, முட்டை, பால் பற்றியும் தெளிவாக ஜப்பானிய மொழியில் எழுதி அச்சடித்த ஓர் அட்டை கையில் இருப்பது மேல். ஷின்ஜுகுவின் சந்து ஒன்றில் எட்டுப் பேர் அமரக்கூடிய சோபா கடைக்காரரிடம் என் அட்டையை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் அதை இரண்டு முறை படித்தார். திரும்பி அடுப்பின் மேல் இருந்த சாற்றுப் பானையைப் பார்த்தார். பிறகு, குற்றம் செய்தவர்போலத் தலையசைத்தார். நான் எழுந்திருக்கப் போனபோது கையமர்த்திவிட்டு, குளிர்ந்த நீரில் அலசிய சோபாவை மூங்கில் தட்டில் வைத்து, சாற்றுக் கிண்ணத்துக்குப் பதிலாக ஒரு சிட்டிகை உப்பையும் துருவிய வசாபியையும் பக்கத்தில் வைத்தார். சோபா செய்யும் பக்வீட் தானியத்தின் மணத்தை அன்றுதான் அறிந்தேன். எல்லாக் கடைக்காரரும் இப்படி இருப்பார் என்று சொல்ல மாட்டேன். முடியாது என்று பணிவாகக் கைகளை முன்னால் குறுக்கே வைத்துக் காட்டுபவரே அதிகம். அப்போது வற்புறுத்தாதீர்கள்.

நம்பிப் போகக்கூடியவை உண்டு. ஷோஜின் ரியோரி என்னும் பௌத்த மடத்துச் சமையலில் மீன்சாறும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. ஷின்ஜுகுவிலிருந்து கெயோ ரயிலில் 50 நிமிடத்தில் அடையக்கூடிய 599 மீட்டர் உயரத் தகாவோ மலையில் யாக்குவோயின் மடத்தில் முன்பதிவு செய்துகொண்டு அதை உண்ணலாம். மலையேற்றமும் விருந்துமாக ஒரு நாள் இனிதே கழியும். டோக்கியோ ஸ்டேஷனின் டிக்கெட் வாயிலுக்கு உள்ளேயே டீஸ் தான்தான் என்ற முழுத் தாவர உணவு ராமென் கடை இருக்கிறது. எள் அரைத்துச் சேர்த்த அதன் காரக்குழம்பு நம் நாவுக்கு ஒத்துப்போகும். ரயில் மாறும் நாளில் அங்கே சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். கோன்பினிகளில் உப்பு மட்டும் சேர்த்த சோற்று உருண்டையான ஷியோ ஓனிகிரி பாதுகாப்பானது. உமெபோஷி ஊறுகாய் வைத்ததில்கூடச் சில நிறுவனங்கள் மீன் சத்தைச் சேர்ப்பதால் கைப்பேசியின் மொழிபெயர்ப்புக் கேமராவால் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். பயறும் சர்க்கரையும் கடற்பாசியும் சேர்த்துச் செய்யும் யோகான் போன்ற இனிப்புகளைக் கவலையின்றி உண்ணலாம். இந்தியச் சமையல் வேண்டுமென்று மனம் கேட்டால், இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி கசாய் பகுதி சுரங்க ரயில் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாம் நாளே அங்கே ஓடிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாமே உண்பவன் நான். நல்ல சாப்பாட்டுக்காகவே போகிறேன். ஆனால் கையில் கட்டுப்பாடான தொகைதான். நாளொன்றுக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வைக்கலாம்? முன்பின் தெரியாத கடையில் எப்படி நடந்துகொள்வது?

பதில்: 4,000 யென்னில் நன்றாகவும், 7,000 யென்னில் மிக நன்றாகவும் உண்ணலாம். சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. பெரிய சாப்பாட்டைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கைக்கெட்டாத விலை சொல்லும் கின்ஸாவின் சூஷி, டெம்புரா கடைகளில் பல, மதிய வேளையில் அதே கையால் செய்த உணவை மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகின்றன. மதியம் 12 மணியிலிருந்து 1 மணி வரை அலுவலகக்காரர்களின் வரிசை நீளும், 11.15க்கே போய் நில்லுங்கள். 2 மணிக்கு மேல் பல கடைகள் மூடி 5 மணிக்குத்தான் மீண்டும் திறக்கும் என்பதால், கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு 3 மணிக்குப் பசியோடு வருபவருக்குக் கோன்பினியே கதி. இரவிலும் மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னதாகக் கடைசி ஆர்டரை வாங்கிவிடுவார்கள்.

சிறு நூடுல்ஸ் கடைகளில் வாசலருகே ஓர் இயந்திரம் நிற்கும். பணத்தை முதலில் போட்டால்தான் பொத்தான்கள் ஒளிரும். எதுவும் படிக்கத் தெரியாவிட்டால் மேலே இடது மூலையில் உள்ள பொத்தானை அமுக்குங்கள். கடையின் பெயர் பெற்ற உணவு அங்கேயிருப்பதுதான் வழக்கம். விழும் சிறு சீட்டைக் கவுண்டரின் மேல் வைத்தால், சோபாவா உதோனா என்று ஒரு கேள்வி வரும். பதில் சொன்ன இரண்டு நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். உறிஞ்சும் ஓசையை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான் பின்னால் காத்திருப்பவருக்குச் செய்யும் குற்றம். நின்றபடியே உண்ணும் சோபா கடைகளில் 500 யென்னை ஒட்டி ஒரு வேளை முடிந்துவிடும்.

மாலையில் இஸாகாயா எனப்படும் மதுக்கூட உணவகத்தில் அமர்ந்தவுடன் நீங்கள் கேட்காத சிறு கிண்ணம் ஒன்று வரும். ஓதோஷி என்று அதற்குப் பெயர். இருக்கைக் கட்டணம்போல ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் சேரும். இது ஏமாற்று அன்று, ஊர் வழக்கம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் மட்டும் அங்கே கிடையாது. மேசையில் விட்டுவந்த சில்லறையைத் தெருமுனை வரை துரத்திவந்து திருப்பித் தருவார்கள். பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலவறை உணவுக் கூடங்களுக்கு, மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போய்ப் பாருங்கள். பணியாளர் தள்ளுபடி ஒட்டிகளை ஒட்டிக்கொண்டே வர, அவர் பின்னால் அந்தப் பகுதிப் பெண்மணிகள் பட்டும்படாமலும் நகர்வது நல்ல வேடிக்கை. வாங்கி வந்து அறையில் உண்டால் 2019 அக்டோபரில் வந்த முறைப்படி 8 சதவீத வரி, கடையில் அமர்ந்து உண்டால் 10 சதவீதம்.

முன்பதிவு செய்த உணவகத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பத்து இருக்கைக் கடையில் மூன்று காலியாக நின்றால் அன்றைய வருமானத்தில் பெருந்துண்டு போய்விடும். அதனால்தான் பல கடைகள் வெளிநாட்டவரிடம் கடன் அட்டை எண்ணை முன்னரே கேட்கின்றன.

கேள்வி: ஏழு நாளில் ஒரு நாள் கியோத்தோவுக்குப் போய்த் திரும்பலாமா?

பதில்: போகலாம், நொஸோமி புல்லட் ரயிலில் இரண்டே கால் மணி நேரம்தான். ஆனால் ஒரு வழிக் கட்டணமே ஏறக்குறைய 14,000 யென், அங்கே கிடைப்பது அவசரமான ஆறு மணி நேரம். அதைவிட, டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்தில் காமாகுராவுக்குப் போய், திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் 11.3 மீட்டர் வெண்கலப் புத்தரின் எதிரே நிதானமாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கியோத்தோவுக்கு இன்னொரு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 74 வயதான என் தாயாருக்கு முழங்கால் வலி. அவரையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் வரைபடம் காட்டும் நடைநேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். நிலையங்களில் லிஃப்ட் இருக்கும். ஆனால் அது எல்லா வாயிலிலும் இருக்காது. ஷின்ஜுகு நிலையத்துக்கு 200க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. தவறான ஒன்றில் ஏறிவிட்டால் படிகளும் சுரங்க நடைபாதையுமாக அரைமணி நேரம் போய்விடும். அதனால் ஷின்ஜுகுவில் தங்காமல், உவெனோ அல்லது அசாகுசாவில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் அறை எடுங்கள். மெய்ஜி ஆலயத்தின் பாதை முழுவதும் சரளைக்கல் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். நன்கொடையாக வந்த ஒரு லட்சம் மரங்களை நட்டு 1920இல் எழுந்த அந்த ஆலயத்தின் காடு அழகானதுதான், ஆனால் சரளையில் கைத்தடி ஊன்றி நடப்பது சிரமம். அவருக்காக ஒரு பிற்பகலைச் சுமிதா ஆற்றுப் படகுக்கு ஒதுக்குங்கள். அசாகுசாவில் ஏறி, பாலம் பாலமாகக் கடந்து, உட்கார்ந்தபடியே நகரைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: டோக்கியோவில் நேதாஜியோடு தொடர்புள்ள இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பார்க்க முடியுமா?

பதில்: சுகினாமி பகுதியில் ஹிகாஷி கோயென்ஜி நிலையத்துக்கு அருகே ரென்கோஜி என்ற சிறிய பௌத்தக் கோயில் இருக்கிறது. நேதாஜியுடையது எனக் கருதப்படும் அஸ்தி 1945 செப்டம்பரிலிருந்து அங்கே பாதுகாக்கப்படுகிறது. அது அவருடையதுதானா என்பதில் இந்தியாவில் கருத்து வேறுபாடு ஓயவில்லை. நேரு 1957இல் அங்கே சென்றிருக்கிறார். முற்றத்தில் நேதாஜியின் மார்பளவுச் சிலையைக் காணலாம். குடியிருப்புத் தெரு என்பதால் ஓசையின்றிப் போய்வாருங்கள்.

அதே நாளில் ஷின்ஜுகுவில் நகாமுரயாவுக்கும் போகலாம். பிரிட்டிஷாரின் பிடிக்குத் தப்பி 1915இல் ஜப்பான் வந்த ராஷ் பிஹாரி போஸை, அந்த ரொட்டிக் கடையை நடத்திய சோமா தம்பதியர் தங்கள் வளாகத்தில் மறைத்துவைத்துக் காத்தார்கள். பின்னர் அவர்களின் மகள் தோஷிகோவை அவர் மணந்தார். மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய பிரிட்டிஷ் வகைக் கறியையே ஜப்பானியர் இந்திய உணவு என்று நம்பியிருந்த காலத்தில், 1927இல் நகாமுரயா தன் உணவகத்தைத் திறந்தபோது அவர் சொல்லித்தந்த இந்தியக் கோழிக்கறி அதன் உணவுப் பட்டியலில் ஏறியது. இன்றும் அது அங்கே கிடைக்கிறது. 1943இல் கிழக்காசிய இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமையைச் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவர், இந்தக் கறிக்கும் உரியவர். கின்ஸாவில் 1949இல் தொடங்கிய நாயர் உணவகமும் அத்தகைய வரலாறு கொண்டது. அதை நிறுவிய ஏ. எம். நாயரும் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவரே.

கேள்வி: கடைசி நாள் விமானம் இரவு 9 மணிக்கு. அறையைக் காலை 10 மணிக்கே காலி செய்ய வேண்டும். பெட்டிகளோடு என்ன செய்வது?

பதில்: விடுதி வரவேற்பிலேயே விட்டுச் செல்லலாம், அறையைக் காலி செய்தபின் மாலை வரை பார்த்துக்கொள்வது அங்கே வழக்கம். தக்கியூபின் என்னும் பெட்டி அனுப்பும் சேவையில் ஓரிரு நாள் முன்னதாகக் கொடுத்துவிட்டால் விமான நிலையத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். நிலையங்களின் பெரிய லாக்கர்களை மட்டும் நம்ப வேண்டாம், அவை காலையிலேயே நிரம்பிவிடும்.

எஞ்சிய பகலை விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே கழியுங்கள். நரிதா என்றால், நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், ஸ்கைலைனர் ரயில் நின்று செல்லும் நிப்போரியை ஒட்டிய யானகாவில் இருங்கள். பழைய மர வீடுகளும், கல்லறைத் தோட்டமும், கொரோக்கே என்னும் பொரித்த உருளைக்கிழங்குப் பண்டம் மணக்கும் கடைத்தெருவுமாக அது ஒரு சிற்றூர்போல இருக்கும். நிப்போரியில் ஏறினால் 40 நிமிடத்தில் விமான நிலையம். ஹனேதா என்றால் மோனோரயில் கிளம்பும் ஹமமட்சுசோவுக்கு அருகே உள்ள ஹமாரிக்கியூ தோட்டம் நல்லது. கடலின் ஏற்றவற்றத்தோடு உயர்ந்து தாழும் அதன் குளத்தின் நடுவே தேநீர் இல்லம் ஒன்று உண்டு.

வெளிநாட்டவருக்கான வெல்கம் சுயிகா அட்டை 28 நாள்தான் செல்லும். மிஞ்சிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். விமான நிலையத்துக் கோன்பினியில் அதைக் கரைத்துவிடுங்கள். சென்ற முறை என் அட்டையில் 340 யென் மிஞ்சியது. இரண்டு ஷியோ ஓனிகிரியை எடுத்துக்கொண்டு தொட்டபோது 18 யென் காட்டியது. கடைக்காரப் பெண் அந்த 18 யென்னுக்கும் சேர்த்து ரசீதை இரு கைகளாலும் நீட்டினார்.